மற்றவை

பதினான்கு கணினிகளிலும் நான்தான் ஏற்றினேன்.
ஞாயிற்றுக்கிழமை, ஷட்டரைப் பாதி இறக்கி,
தண்டையார்பேட்டை கிளியரிங் ஆபீசில்
ஒரு பொட்டலம் அத்தோ ஆறிக்கொண்டிருக்க.

திங்களிலிருந்து ஆளுக்கொரு புள்ளி.
விரல் ஓடினால் பச்சை.
ஐந்து நிமிடம் ஓய்ந்தால் மஞ்சள்.
பத்தானால் சிவப்பு; ஒரு பெட்டி திறந்து
காரணம் கேட்கும்.
மின்தடை, நெட் கோளாறு, உணவு, வாடிக்கையாளர்,
கடைசியாக, மற்றவை.
தாமதமாய் வந்தாலும் அதே பெட்டி.

எழுதியவன் எந்த ஊரோ.
கொருக்குப்பேட்டை கேட் அவனுக்குத் தெரியாது.

முதல் மாத அறிக்கையில்
மற்றவை மட்டும் பூசணிக் கீற்றாய்
வட்டத்தில் முக்கால்வாசியை அடைத்திருந்தது.
அண்ணா நகரிலிருந்து முதலாளி போனில்,
"என்னய்யா இது மற்றவை?
நான் கொடுக்கிற சம்பளமெல்லாம் அங்கதான் போகுதா?"

விசாரித்தேன்.

டெல்பினுக்கு அது
எழில் நகர்ப் பக்கம் ஸ்கூட்டியை அணைத்துவிட்டு
கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணுவது.
ஐம்பத்தெட்டாவது போய் முடியும்,
எதிர்த் தடத்தில் இன்னொன்று ஊதிக்கொண்டு வரும்.

கமாலுதீனுக்கு அது
ஜீரோ கேட் வரிசையில் நிற்கும் டிரைவர் கூப்பிட்டு
"சீல் நம்பர் அழிஞ்சிருக்கு பாய்" என்பது.
எழுந்து வாசலுக்குப் போய்
தெரு கேட்கக் கத்தவேண்டும்.
கத்தாமல் நகர்ந்த கன்டெய்னர் உண்டா?

ஹேமாவதி என்னவென்று சொல்லவில்லை.
வயிற்றில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.
அடுத்த மேசைக்குப் போய்விட்டேன்.

நல்லது செய்வதாய் நினைத்து
மற்றவைக்கு மேலே ஒரு வரி சேர்த்தேன்:
கேட் போட்டுட்டான்.
சிரித்தார்கள். அன்று மாலை
டெல்பின் எனக்கு மசால் வடை வாங்கித் தந்தாள்.

மென்பொருள் சிரிக்கவில்லை.
தொண்ணூறு நாளைக் கூட்டி வகுத்து
சராசரி இருபத்து மூன்று நிமிடம் என்றது.
முதலாளி முதல்முறையாக என்னைத் தம்பி என்றார்.
மறுநாள் சுற்றறிக்கை:
வேலை நேரம் இனி ஒன்பதல்ல, எட்டரை.
காரணம், கேட்.

எட்டரைக்கு வருகிறவர்களுக்கு
எட்டு மணி கூட்ஸ்.
அது இன்னும் நீளம்.

அதற்குப் பிறகு வடையில்லை.
என் வரியை யாரும் தொடுவதில்லை.
எல்லாம் மறுபடி மற்றவை.

நேற்று மூன்று மணி.
காசிமேட்டுக் காற்று ஜன்னல் வழியாக
மீன் வாடையோடு உள்ளே வந்தது.
கமாலுதீன் புள்ளி வெகுநேரமாய்ப் பச்சை,
ஒரு முறைகூட மங்காத பச்சை.
எட்டிப் பார்த்தேன். நாற்காலி காலி.
மேசை விசிறியின் கழுத்திலிருந்து ஒரு பூ நூல்,
நூலின் நுனியில் மவுஸ்,
விசிறி திரும்பும் பக்கமெல்லாம் திரும்பியது.
திரையில் இறக்குமதிப் பட்டியலின் மேல்
அம்புக்குறி
முகவரி தொலைத்தவன்போல் போய்ப் போய் வந்தது.

நூல் தளர்ந்திருந்தது.
இன்னும் இரண்டு சுற்றில் கழன்றுவிடும்.

இழுத்துக் கட்டிவிட்டு என் இடத்துக்கு வந்தால்
என் புள்ளி சிவப்பு.
பெட்டி திறந்து காத்திருக்கிறது.

கை தானாக
கேட் போட்டுட்டான் வரைக்கும் போனது.
சராசரி ஞாபகம் வந்தது.

ஒரு வரி கீழே இறங்கினேன்.