பத்து இலக்கம்

உம்லாங்கா விடுதிக்கு
முப்பத்தாறு ஜன்னல் திரை தைத்தேன்.
துணி அவர்களுடையது. நூல் என்னுடையது.
முதுகுவலியும்.

பில் அனுப்பி ஆறு வாரம்.
"வரி எண் இல்லாமல் பணம் நகராது, மிசஸ் படையாச்சி"
என்றான் கணக்குப் பிரிவு லுவாசி.
நல்ல பையன்தான். குரலில் சளி.

வரி எண்ணைப்
பிடுங்க வருகிறவன்தான் கேட்பான் என்றிருந்தேன்.
கொடுக்க வேண்டியவனும் கேட்கிறான்.

இன்ஷூரன்ஸ் கவரில் இல்லை.
முருகன் படத்துக்குப் பின்னால் இல்லை.
மெஷின் இழுப்பறையில்
உடைந்த ஊசிகளுக்கு அடியில் கிடந்தது.
படையாச்சியின் வாலைப் பூச்சி தின்றிருந்தது,
எண்ணைத் தொடவில்லை.

சாட்ஸ்வொர்த் முழுக்க மின்வெட்டு.
மெழுகுவர்த்தியைச் சாய்த்துப் பிடித்து
ஒவ்வொன்றாய்ச் சொன்னேன்.
"ஒன்றா, ஏழா?"
"ஏழு."
"மறுபடி சொல்லுங்கள், அம்மா."
சொன்னேன்.
அவனும் திருப்பிச் சொன்னான், மெதுவாக,
நூல் கோர்க்கிறவன் மூச்சை அடக்குவதுபோல்.

என் முப்பத்தாறு திரைகளையும்
இவ்வளவு நிதானமாய்
அங்கே யாரும் பார்த்ததில்லை.

"முப்பது நாளில் வரும்."
இன்னும் முப்பதா?
கேட்கவில்லை. மிளகுக் கஷாயம் குடி என்றேன்.
சிரித்தான், இருமினான், வைத்துவிட்டான்.

காகிதத்தை
ஊசிகளுக்கு அடியிலேயே திரும்ப வைத்தேன்.
விரலில் ஒன்று குத்தியது.