கெடா வருகிறது

மூன்று ஞாயிறுகளை இந்துமதிக்கு விற்று
இந்தச் சனிக்கிழமை இரவை வாங்கியிருக்கிறேன்.
அவளுக்குக் கொள்ளை லாபம். எனக்கும்.

பாயான் லெப்பாஸ், இரவு ஷிப்ட்.
தூசு புகாத அறைக்குள் நுழையுமுன்
தலைமுதல் கால்வரை வெள்ளை உறை.
கண் மட்டும் வெளியே.
ஒரு முடி விழுந்தால் போதும்,
ஒரு தட்டுச் சில்லுகள் குப்பைக்கு.
அந்த உறைக்குள்ளே நான்
நீலமும் மஞ்சளுமாய் ஜெர்சி போட்டிருந்தேன்.
எட்டாம் எண். அக்குளில் தையல் விட்டது,
போன பருவத்தில், கடைசி நிமிடத்தில்,
‘ஆஃப்சைட்’ என்று நான் கையை உயர்த்திக் கத்தியபோது.
ஆஃப்சைட்தான். செத்தாலும் சொல்வேன்.

ஏழாம் இயந்திரத்தில் ரொஸ்னா.
கூலிமிலிருந்து பாலம் கடந்து
கம்பெனிப் பேருந்தில் வருகிறவள்.
அவள் உறைக்குள் என்ன நிறம் என்று எனக்குத் தெரியும்.
பதினோரு வருஷமாய்
கண்ணாலேயே வையக் கற்றுக்கொண்டவர்கள் நாங்கள்.
இடது புருவம் ஏறினால்:
உங்கள் கோல்கீப்பர் கையில் வெண்ணெயா?
இரண்டு முறை இமைத்தால்:
மூன்று பூஜ்ஜியம், ஞாபகம் இருக்கா?
இருக்கிறதடி, பாழாய்ப் போனவளே.

விடியற்காலை கேண்டீனில் பசியாறும்போது
கைப்பேசியில் அட்டவணையைக் காட்டினேன்.
இன்னும் ஒருவரும் ஆடவில்லை.
எல்லாருக்கும் பூஜ்ஜியம்.
போன வருஷம் அடியிலிருந்து இரண்டாவதாய்க் கிடந்த நாங்களும்
கிண்ணம் தூக்கியவர்களும்
ஒரே பூஜ்ஜியத்தில்.
‘பார், சமம்’ என்றேன்.
ரோத்தி சானாயைப் பிய்த்த எண்ணெய் விரலைத்
திரைமேல் வைத்தாள்:
அகர வரிசையில் கெடா மேலே.

ரசீதின் பின்புறம் தமிழில் எழுதிப் பார்த்தேன்.
ககரம், பிறகுதான் பகரம்.
எந்தப் புலவன் வந்தாலும் மாற்ற முடியாது.
பெயரே கெடா. கெடாதாம்.

விடுவேனா?
ஆயிரம் வருஷத்துக்கு முன்னால்
எங்கள் ஆள் ஒருவன் கப்பலேறி வந்து
கடாரம் கொண்டான் என்று கல்லில் இருக்கிறது என்றேன்.
தே தாரிக்கை ஊதிக்கொண்டே கேட்டாள்:
‘அதற்குப் பிறகு
வெளியூர் ஆட்டம் எதிலாவது ஜெயித்தீர்களா?’

வீட்டுக்கு வந்து படுத்தேன்.
தூக்கமா வரும்.
மின்விசிறி சுற்றுவதுகூட
யாரோ இடதுபக்கம் பந்தை ஓட்டிக்கொண்டு போவதுபோல.
புது ஸ்ட்ரைக்கர் வந்திருக்கிறான்,
தலையால் முட்டுவானாம்,
யாரும் பார்த்ததில்லை.
பார்க்காதவரை அவன் இருபது கோல் போட்டிருக்கிறான்,
எண்ணிவிட்டேன்.

மத்தியானம் அவளிடமிருந்து செய்தி:
விருந்தினர் பகுதி டிக்கெட் தீர்ந்துவிட்டது.
அதன் கீழே ஒன்றுமில்லை.
கெஞ்சமாட்டாள். தெரியும்.
ஐந்து நிமிடம் அந்த மௌனத்தை ருசித்தேன்.
பிறகு வெயிலில் வரிசையில் நின்று
என் காசில், என் பக்கத்து இருக்கை,
எதிரிக்கு.

இரவு.
டத்தோ கிராமாட் சாலை முழுக்க ஹாரன்.
கச்சாங் பூத்தே பொட்டலம், மேளம், வேர்வை,
நனைத்துவைத்த புல்லின் வாசம் விளக்கு வெளிச்சத்தில்.
நீலக் கூட்டத்தின் நட்டநடுவே ரொஸ்னா,
கழுத்துவரை பொத்தான் போட்ட மழைக்கோட்டில்.
மறுபடியும் கண் மட்டும்தான்.

‘வானத்தில் ஒரு மேகம் இல்லையே, காக்கா?’
பின்வரிசைக்காரர் கேட்டார்.
அவள் கழுத்தோரம் விரற்கடை அகலம்
சிவப்பு தெரிந்தது.
நான் எட்டி அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டு
‘வரும், மழை வரும்’ என்றேன்.

பந்தை நடுவட்டத்தில் வைத்தார்கள்.
நடுவர் விசிலை வாயருகே கொண்டுபோகிறார்.
ரொஸ்னா என் பக்கம் திரும்பி
ஒருமுறை இமைத்தாள்.
இரண்டாவது இமைப்புக்கு
நான் காத்திருக்கவில்லை,
எழுந்து நின்று கத்த ஆரம்பித்துவிட்டேன்.