குஞ்சப்பனையில் பிளக் மாற்றுவது

சனிக்கிழமை இரண்டு மணி, கோத்தகிரி பங்க்.
ஐந்து லிட்டர் பெட்ரோல், இருநூறு மில்லி டூ-டி ஆயில்.
"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாக்கா, இன்ஜினுக்கு நல்லதுதானே?"
வேண்டாம் போஜா.
ஆயில் ஏறிய இடத்தில் பெட்ரோல் இறங்கிவிடும்.
நல்லது என்று ஊற்றியே
பிஸ்டன் இறுகிப்போன ஒரு யெஸ்டியைத்தான்
நான் எடை போட்ட விலைக்கு வாங்கினேன்.

இறக்கம் முப்பத்து மூன்று கிலோமீட்டர்.
ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு
சும்மா உருளக் கூடாது.
டூ-ஸ்ட்ரோக்குக்கு எண்ணெய் பெட்ரோலோடு வந்தால்தான் உண்டு,
வராவிட்டால் உள்ளே நாக்கு வறண்டுவிடும்.
அதனால் கொண்டை ஊசிக்கு ஒரு தரம்
க்ளட்ச் பிடித்து ஒரு முறுக்கு.
பின்னால் வரும் பஸ்காரன்
எனக்குத் திமிர் என்று நினைத்துக்கொள்கிறான்.

குஞ்சப்பனையில் நிறுத்துவேன்.
பலாப்பழக் கடைக்கும் செக்போஸ்டுக்கும் நடுவே
குரங்குகள் பார்த்திருக்க,
ஆறாம் நம்பர் பிளக்கைக் கழற்றி இடது பையில்.
வலது பையிலிருந்து ஏழு.
சின்ன எண் சூடு, பெரிய எண் குளிர்ச்சி.
வேறொரு கம்பெனிக்கு இது தலைகீழ்,
அதனால் கடையில் எண்ணை மட்டும் சொல்லி வாங்குகிறவர்
பாவம்.
இடைவெளிக்கு உடைந்த ஹேக்சா பிளேடு,
நுழைய வேண்டும், ஆட்டம் காட்டக் கூடாது.
பிறகு கார்ப்பரேட்டர்:
மலை ஏறினால் ஊசி இறங்க வேண்டும்.
மலை இறங்கினால் ஊசி ஏற வேண்டும்.

இதைச் சொன்னபோது நீ சிரித்தாய்.
"நம்மளப் பத்தித்தானே சொல்ற?"
இல்லை நஞ்சப்பா,
காற்றைப் பற்றிச் சொல்கிறேன்.
கோத்தகிரிக் காற்று மெலிசு.
காரமடைக் காற்று கனம், பஞ்சு வேறு பறக்கிறது.
நீ மேலே வந்தால் உனக்கு மில் இல்லை,
நான் கீழே வந்தால் எனக்குத் தேயிலை இல்லை.
இதில் உவமை எங்கே இருக்கிறது?

வாரம் முழுக்க என் வேலை நிறம் பார்ப்பது.
முப்பது கோப்பை, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி,
உறிஞ்சு, துப்பு, எழுது.
பிளக்கையும் அப்படித்தான் படிப்பேன்.
ஈரக் கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம்.
சுண்ணாம்பு வெள்ளை என்றால் பற்றாக்குறை, ஆபத்து.
வர்க்கியின் மேல்தோல் நிறம் வந்துவிட்டால்
அன்றைக்கு யாரோடும் சண்டை போட மாட்டேன்.

இந்த ஞாயிறு, நான் தூங்கும்போது,
நைட் ஷிப்ட் முடிந்து வந்த நீ
இரண்டு பிளக்கையும் எடுத்து
கம்பி பிரஷ், எமரித்தாள், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டு
கம்மல் மாதிரி பளபளவென்று ஆக்கி
துணியில் முடிந்து வைத்திருக்கிறாய்.

திங்கள் விடியலில் குஞ்சப்பனையில்தான் அவிழ்த்தேன்.
ஒரு வாரத்தின் மேடு பள்ளம் எல்லாம்
போயிருந்தது.
கரி இல்லை, பழுப்பு இல்லை,
எதுவுமே நடக்காதது மாதிரி இரண்டு பிளக்.
கோபத்தில் உனக்குப் போன் போட்டேன்.
எடுக்கவில்லை. தூங்கியிருப்பாய்,
நகக்கண்ணில் என் கரியோடு.

ஆறை மாட்டினேன். ஊசியை ஒரு பள்ளம் இறக்கினேன்.
உதைத்த அதே கம்பியால் முதல் கியர்.
அரவேணுவுக்கு முன்னால் ஒரு நேர் ஏற்றம் உண்டு,
மூன்றாவது கியரில் முழு முறுக்கு கொடுத்து
அப்படியே க்ளட்ச் பிடித்து சாவியை அணைத்தேன்.
வண்டி தன் வேகத்திலேயே கொஞ்ச தூரம் ஏறி
பனிக்குள் நின்றது.
சத்தமே இல்லை.
முந்தானையால் பிடித்துக் கழற்றியும்
விரல் சுட்டது.

நிறம் பார்க்க வெளிச்சம் போதவில்லை.
ஒரு லாரி வரும், அதன் விளக்கில் பார்க்கலாம் என்று
உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு
நிற்கிறேன்.