மீட்பு விகிதம்

படிவம் பதினான்கு பக்கம்.
கடைசி நாள் வெள்ளி, மாலை ஐந்து.

கருங்கல் சந்தைக்குப் பின்னால், டயர் கடை மாடியில்
எங்கள் சங்கம்.
இரும்புக் கட்டிலை மாடியில் வைத்தது யார் புத்தி என்று
இறக்கும் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்வோம்.
மொத்தம் பதினொன்று. இன்று அறையில் இருப்பது இரண்டு,
இரண்டுக்கும் கால் ஆட்டம்.
தண்ணீர் மெத்தை மூன்று. ஒன்றுக்கு
ஒட்டுப் போட்டுத் தந்தது கீழ்க்கடை வில்பிரட்,
காசு வாங்கவில்லை.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மெற்றில்டா வாசிக்கிறாள். நான் தட்டுகிறேன்.
நோக்கம், இருநூறு சொற்களில்.
‘படுக்கையில் விழுந்தவர்களுக்குக் கட்டில் கொடுப்பது.’
நான்கு சொல்லில் முடிந்துவிட்டது.
மீதி நூற்றுத் தொண்ணூற்றாறுக்கு அவள்
‘விளிம்புநிலை’ என்றாள், ‘ஒருங்கிணைந்த’ என்றாள்,
‘அதிகாரப்படுத்துதல்’ என்றபோது
கரண்ட் போனது.

நாகர்கோவிலில், நிதியத்தின் பயிற்சிக் கூட்டத்தில்
மட்டிப்பழமும் டீயும் தந்து சொல்லியிருந்தார்கள்:
உருக்கமாக எழுதாதீர்கள். எண்ணாக எழுதுங்கள்.

சரி, எண்.
ஒன்பதாம் கேள்வி:
கொடுத்த பொருட்கள் மீட்கப்பட்ட விகிதம்.

செல்போன் வெளிச்சத்தில் நோட்டைப் புரட்டினோம்.
இரண்டாம் கட்டில், மிடாலம், சூசைநாயகம், பதினேழு நாள்.
அதே கட்டில், தொலையாவட்டம், எமிலியாள், மூன்று மாதம்.
அதே கட்டில், திக்கணங்கோடு, பெயர் மழையில் அழிந்திருக்கிறது,
ஒரே இரவு.
எழுந்து நடந்தவர்கள் ஏழு பேர். பச்சை மையில் இருக்கிறார்கள்.
மற்றவர்களுக்கு நேரே
திரும்பிய தேதி மட்டும். காரணம் எழுதியதில்லை.
கழுவி, வெயிலில் காயவைத்து
டெம்போவில் கொண்டுவந்து இறக்குவார்கள் மகன்மார்,
சில சமயம் ஒரு சீப்பு செவ்வாழையோடு.
நன்றி சொல்லிவிட்டு
உடனே போகமாட்டார்கள்.

கெடு முடிந்தவை அறுபத்துநான்கு,
வந்தவை அறுபத்துமூன்று.
‘தொண்ணூற்றெட்டு சதவீதம்! முழு மார்க்கு தருவான்’
என்றாள் மெற்றில்டா.
சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.
ஞாயிறுதோறும் கோயிலில் மீட்பு, மீட்பு என்று கேட்டுவிட்டு
இந்தச் சொல்லை இங்கே இப்படிச் சந்திப்போம் என்று
நினைத்திருக்கவில்லை.

வராத ஒன்று, எட்டாம் கட்டில்.
பாலூர், றசலம், தென்னையிலிருந்து விழுந்தவர்.
கொடுத்து ஆறு வருடம்.
ஆடிட்டர் சிவப்பில் எழுதியிருந்தார்: வாராச் சொத்து.

பன்னிரண்டாம் கேள்வி: வெற்றிக் கதை ஒன்று,
புகைப்படத்துடன். பயனாளி சிரித்த முகமாக இருத்தல் நலம்.

ஸ்கூட்டரில் மழையோடு போனேன்.
ஞானபாய் வாசலை மறித்து நின்றாள்.
‘கட்டில எடுக்கதுக்கா வந்திய?’
‘போட்டோ எடுக்க.’
உள்ளே, எட்டாம் கட்டிலில்
நெஞ்சின்மேல் பலகை, பலகையில் பிரித்துப்போட்ட ஏழெட்டுப் போன்கள்.
தண்ணீரில் விழுந்த போன் எல்லாம்
பாலூரில் அவரிடம்தான் வருமாம்.
‘சிரிக்கணுமா?’ என்றார்.
‘படிவத்தில் அப்படித்தான்.’
‘நில்லும், இந்த ஸ்குரூ உருண்டு போவும்’ என்று
முடுக்கி முடித்த பிறகு சிரித்தார்.
படத்தில் சிரிப்பு கொஞ்சம் ஆடியிருக்கிறது.
அதையே இணைத்தேன். மணி நாலு ஐம்பத்திரண்டு.

ஆவணியில் கடிதம் வந்தது.
கேட்டது எண்பத்தைந்தாயிரம், கிடைத்தது நாற்பது.
மூன்றாம் நிபந்தனை:
நிலுவையிலுள்ள கட்டிலைத் தொண்ணூறு நாட்களுக்குள் மீட்டு
ஒப்புகை அனுப்பவும்.

மெற்றில்டா நீளமான பதில் ஒன்று எழுதினாள்,
அதில் ‘ஒருங்கிணைந்த’ இருந்தது. கிழித்துவிட்டு
இரண்டே வரி அனுப்பினோம்:
எட்டாம் கட்டில் திரும்பவில்லை.
ஆள் இருக்கிறார்.

பதில் இன்னும் வரவில்லை.
இதற்கிடையே முள்ளங்கினாவிளையிலிருந்து ஒரு பெண்
ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாள்:
அப்பாவுக்குக் கட்டில் வேணும், எப்ப திரும்பத் தரணும்?

கால் ஆடுகிற கட்டிலுக்கு
வில்பிரட்டிடம் ஒரு போல்ட் கேட்டேன்.
மெதுவா தாருங்க, என்றேன் அவளிடம்.