உள்சுற்று

பீளமேட்டில் இரவு பத்தரை.
நான்காம் மாடியில் இன்குபேட்டர் மட்டும் விழித்திருக்கிறது,
முப்பத்தேழு டிகிரியில்,
ஒரு பெண்ணின் எலும்பு மஜ்ஜையோடு.

குழாயில் எண்தான், பெயர் எழுதக் கூடாது.
எனக்குத் தெரியும்:
மருதி. ஆனைகட்டிக்கு மேலே ஒரு பதி. இருபத்திரண்டு வயது.
அரிவாளாய் வளைகிற சிவப்பணுக்கள்.
மழை இறங்கினால் முழங்காலுக்குள்
யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்றாள்.
"ஆருன்னு தெரிஞ்சாக் கேட்டுப்போடலாமுங்க."
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

தவறு ஒரே ஓர் எழுத்து.
'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'டி'.
தேடிப் போய் வெட்டக் கத்தரி இருக்கிறது.
சரியான எழுத்தைச் சுமந்த சிறு துணுக்கும் இருக்கிறது.
முகவரி இருபது எழுத்து, மூன்று முறை சரிபார்த்தேன்.
அனுப்பினேன்.

நூற்றில் பதினான்கு அணுக்களில்தான் திருத்தம்.

மற்றவற்றில்
கத்தரி வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறது,
கூரியர் பையன் ஒட்டிவிட்டுப் போகும் சீட்டுப் போல:
வீடு பூட்டியிருந்தது.
சிலவற்றில் வெட்டு விழுந்தது. ஆனால் செல்
நான் கொடுத்த துணுக்கை ஏறெடுத்தும் பாராமல்
அறுந்த நுனிகளை அவசரமாய் ஒட்டிக்கொண்டது.

ஞாயிறு கருமத்தம்பட்டி போனேன்.
தம்பி சென்னியப்பன் மில்லில் ஆட்டோகோனர் ஃபிட்டர்.
நூல் ஓடுகிறது, ஓர் ஒளிக்கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது.
தடித்த இடம் வந்தால் சட்டென வெட்டு.
காற்று முறுக்கி நுனிகளைச் சேர்க்கிறது,
முடிச்சே தெரியவில்லை.
"இதத்தானடா நாங்களும் பண்றோம்" என்றேன்.
"பின்ன எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"
"கோன்ல சுத்துனதுக்கப்புறம் தப்பு தெரிஞ்சா?"
"உள்சுத்துல போனது போனதுதான்க்கா.
திருப்பூர்ல பனியன்ல ஓட்டையா வந்து
நம்ம பேரச் சொல்லும்."
டீ ஆறிக்கொண்டிருந்தது. அவனுக்கு ஷிப்ட் மணி அடித்துவிட்டது.

ஒவ்வொரு செல்லிலும் இரண்டு மீட்டர் நூல்.
ஹிஸ்டோன் உருளைகளில் சுற்றிச் சுற்றி,
மேலே மெத்தில் என்று பொடிப்பொடி முத்திரைகள்.
அவை ஓர் எழுத்தையும் மாற்றுவதில்லை.
எந்தப் பக்கத்தைப் படிக்கலாம் என்பதை மட்டும் சொல்கின்றன.
மருதியின் மூல அணுக்களுக்கு
ரத்தம் செய்யும் வேலை இன்னும் வரவில்லை,
அந்தப் பக்கத்தை இறுக்கி வைத்திருக்கின்றன.
பிழை உள்ளே தூங்குகிறது.
திருத்தம் வெளியே நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு.
அவள் தாய் வயிற்றில் இருந்தபோது
வேறொரு மரபணு அவளுக்கு ரத்தம் செய்தது, வளையாத ரத்தம்.
பிறந்து சில மாதங்களில் அதன் ஷட்டர் இறங்கிவிட்டது.
சரக்கெல்லாம் அப்படியே இருக்கிறது,
ஓர் எழுத்துக்கூடக் கெடவில்லை.
எல்லோருக்கும் இறங்குகிற ஷட்டர்தான்,
அவளுக்குத்தான் அந்தக் கடை தேவைப்பட்டது.

சுற்றைத் தளர்த்த ஒரு மருந்து இருக்கிறது.
நேற்று சேர்த்தேன், ஆறு மணி நேரம்.
பதினான்கு, முப்பத்தொன்று ஆனது.
ஆளில்லாத ஆய்வகத்தில் ஒரு தடவை கை தட்டினேன்.
பிறகு அடுத்த பட்டியலைத் திறந்தேன்.
நான் தட்டாத கதவுகளும் திறந்து கிடந்தன.
எதற்காக மூடியிருந்தார்களோ!
கட்டுக்கடங்காமல் பெருகச் சொல்லும் ஏதோ ஒன்றை அடைத்தா,
எந்தக் காலத்திலோ நுழைந்த வைரஸின் எலும்பைப் புதைத்தா.
'எல்லாப் பூட்டையும் பகையென்று எண்ணாதே'
என்று நோட்டில் எழுதினேன்,
உபதேசம் போலிருந்தது, அடித்தேன்.
கீழே எழுதினேன்: மருந்து பாதி. நேரம் இரண்டு மணி.

புதன்கிழமை அவள் பஸ் பிடித்து வருவாள்.
"சரியாயிருச்சுங்களா?" என்பாள்.
முப்பத்தொன்று என்று சொன்னால் சந்தோஷப்படுவாள்.
கதவுகளைப் பற்றி எந்தச் சொல்லில் தொடங்குவது?

தட்டை உள்ளே வைத்துச் சாத்துகிறேன்.
ஜன்னலுக்குக் கீழே அவினாசி சாலையில்
கோன் மூட்டைகளோடு ஒரு லாரி
திருப்பூர் பக்கம் போகிறது,
தார்ப்பாயை இறுகக் கட்டிக்கொண்டு.