கைகள்: பலர்

உறையின் பின்பக்கம், கீழ் மூலையில்,
எறும்பு படிக்கிற எழுத்தில் போட்டிருக்கிறது:
கைகள்: பலர்.
பலர் என்றால் மூன்று பேர்.
நான். என்னோடு இஸ்திரி போடும் வெர்லீன்.
பிறகு அவள் தம்பி, சிகரெட்டுக்குக் காசு கேட்டு வந்தவன்.

ஒகையோவில் டேட்டன் நகரம், எழுபத்துமூன்று, நவம்பர்.
ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு இரவு வேலை எங்களுக்கு.
சலவைக்கடையின் மேல்மாடியில் ஒலிப்பதிவுக் கூடம்.
பகலில் அங்கே பழைய கார் விளம்பரம் பதிவாகும்,
சவப்பெட்டிக் கம்பெனி விளம்பரமும்.
நள்ளிரவிலிருந்து ஆறு மணிவரை வாடகை பாதி.
அந்தப் பாதியைத்தான் தியோட்டிஸ் கேடி வாங்கியிருந்தான்,
பதினோரு வருடம் குளிர்பெட்டிக் கதவுகளுக்குக்
கீல் பூட்டிய காசில்.
முதல் ஆல்பத்துக்குப் பெயரும் அதுவே: கீல்.
"கதவை எவனும் பார்ப்பான்," என்றான்,
யாரும் கேட்காதபோதே.

பேஸ் கிட்டாரை நெஞ்சுவரை தூக்கிக் கட்டிக்கொண்டு
சுவரைப் பார்த்து நின்று
கட்டைவிரலால் அடிப்பான்.
அடி காதில் விழாது,
முழங்காலில் விழும்.
கீழே எங்கள் கடையில் கம்பி ஹேங்கர்கள்
சட்டையில்லாமல் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.

"நாலு எண்ணுங்கள்," என்றான் எங்களிடம்.
"இரண்டிலும் நாலிலும் தட்டுங்கள்.
ஒன்று என்னுடையது. ஒன்றை யாரும் தொடக்கூடாது."
ஞாயிறு மதியம் கோழித் தொடையை
முதலில் எடுத்துக்கொள்ளும் ஆண்பிள்ளை மாதிரி.

எனக்கு அப்போது முப்பத்துநாலு.
உனக்கு ஒன்றும் தெரியாது என்று
கேட்டுக் கேட்டுப் பழகியவள்.
அந்த ஒன்றுக்கு இத்தனை மவுசா என்று
சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.
சிவப்பு விளக்கு எரிந்தது.

டிரம்ஸில் பர்னெல் டேட், பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவன்,
ஆறரைக்கு வண்டி எடுக்க வேண்டும்.
டிராம்போன்காரன் எச்சிலை உதறி உதறித்
தரைவிரிப்பில் ஒரு குளமே கட்டியிருந்தான்.
எட்டு தடவை எடுத்தாயிற்று.
என் உள்ளங்கைகள் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதுபோல.

ஒன்பதாவது.
பாட்டின் நடுவே எல்லாம் நிற்கும்.
நாலு எண்ணுகிற நீளத்துக்கு ஒரு பள்ளம்.
மூச்சுகூடக் கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தான்.
கேட்கவில்லை.
பள்ளத்தின் அந்தக் கரையில், அவனுடைய ஒன்றில்,
அவன் விரலுக்கு மயிரிழை முன்னால்
விழுந்தது
என் கை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஒலிப்பதிவாளன் தலையைப் பிடித்துக்கொண்டான்.
"இன்னொன்று எடுப்போமா?"
தியோட்டிஸ் என்னைப் பார்க்கவில்லை.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.
ஐந்து ஐம்பத்திரண்டு.
பர்னெல் ஏற்கெனவே ஒரு கையில் கையுறை போட்டிருந்தான்.
"இருக்கட்டும்," என்றான்.

பெருந்தன்மை என்று பிற்பாடு ஆட்கள் சொன்னார்கள்.
நான் அங்கே இருந்தேன். எட்டு நிமிடம் அது.
கூலி மூன்று டாலர்.
பாதியில் தூங்கிப்போன வெர்லீன் தம்பிக்கு ஒன்று.

ஆயிரம் தட்டு அச்சடித்தான்.
கார் டிக்கியைத் திறந்து வைத்து விற்றான்,
சர்ச் வாசலில், முடிவெட்டும் கடையில்,
பழைய பட்டறை வாசலில் ஷிப்ட் மாறும் நேரம்.

மே மாதம். பௌலிங் கூடத்துக்குப் பின்னால் ஒரு ஹால்.
அவன் சுவரைப் பார்க்காமல் வாசித்ததை
அன்றுதான் பார்த்தேன்.
முன்பல் ஒன்று தங்கம்.
அந்தப் பாட்டு வந்தது. பள்ளம் வந்தது.
இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு,
இருநூறு பேரும் சேர்ந்து,
அவன் இறங்குவதற்கு மயிரிழை முன்னால்
ஒன்றில் தட்டினார்கள்.

தட்டில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

நான் மட்டும் இந்தத் தடவை
சொல்லிக்கொடுத்தபடி
இரண்டுக்காகக் காத்திருந்து
சரியாகத் தட்டினேன்.
தனியாகக் கேட்டது.
பக்கத்தில் மஞ்சள் கவுன் போட்ட ஒருத்தி
என் முழங்கையைத் தொட்டுச் சொன்னாள்:
"பரவாயில்லை கண்ணு,
ரெக்கார்டை இன்னும் நாலு தடவை கேள்.
வந்துவிடும்."