ஒரே ஆள்

எபேன், ஆறாவது மாடி, மாலை நாலேகால்.
இரண்டாம் புயல் எச்சரிக்கை. மூன்றானால் பஸ் நின்றுவிடும்.
பக்கத்து மேஜை வெர்ஜினி
மெழுகுவத்தியும் ரொட்டியும் வாங்கக் கிளம்பிவிட்டாள்.
நான் மட்டும், லுடோவிக்கின் பதினோரு வரிகளோடு.

லுடோவிக் செல்லாபெர்மால், வாகுவாக்காரன்.
கம்பைலரில் அவன் கை வைப்பது இதுதான் முதல் தடவை.
மாற்றத்துக்கு அவன் வைத்த தலைப்பு:
'நாலு வேலையை மூன்றாக்கினேன்.'

விஷயம் இவ்வளவுதான்.
க ஒரு எண், ச ஒரு எண்,
நடுவில் ம என்றொரு மாஸ்க்.
ம-வில் ஒன்று எரியும் இடத்தில் க-வின் பிட்டை எடு,
சுழியாய் அணைந்த இடத்தில் ச-வின் பிட்டை.
பழைய வழி:
ம-வோடு க-வை அண்ட் செய்,
ம-வைப் புரட்டு, புரட்டியதோடு ச-வை அண்ட் செய்,
இரண்டையும் ஆர் செய்து ஒட்டு.

லுடோவிக்கின் வழி அழகு. மறைப்பானேன்.
க-வும் ச-வும் எங்கெங்கே முரண்படுகின்றன என்று
எக்ஸாரைக் கேட்கிறான்.
முரணில் ம விடுவதை மட்டும் வைத்துக்கொள்கிறான்.
அதை மறுபடி ச-வோடு எக்ஸார்.
ம எரியும் இடத்தில் ச-வை ச தின்றுவிடும்,
மிஞ்சுவது க.

எட்டு பிட்டில் எல்லாச் சேர்க்கையையும் ஓட்டியிருக்கிறான்:
ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்து
எழுபத்தேழாயிரத்து இருநூற்றுப் பதினாறு.
ஒன்றுகூடப் பிசகவில்லை.
கீழே ஒரு சிரித்த முகம் வேறு.

ஒப்புதல் பொத்தானுக்கு விரல் போய்விட்டது.
வெளியே கரும்பு முழுதும் ஒரே பக்கமாய்ப் படுத்து
எழ யோசித்துக்கொண்டிருந்தது.
சும்மா ச-வை எண்ணினேன்.
பழையதில் ஒரு தடவை.
புதியதில் இரண்டு.

யாரும் மதிப்பு வைக்காமல் விட்ட ச என்றால்?
அப்படிப்பட்ட ச-விடம் கம்பைலருக்குக் கடமை கிடையாது.
முதல் தடவை கேட்டால் ஏழு என்னலாம்,
மறுதடவை நாற்பது என்னலாம்,
இரண்டும் சட்டப்படி சரி.
தின்ன வந்த ச, எதிரே வேறொரு ச-வைக் கண்டு முழிக்கும்.
க வரவேண்டிய இடத்தில் குப்பை வரும்.
பழைய வழியில் இந்தத் தொல்லை இல்லை:
ம முழுக்க எரிந்தால் ச-வைச் சுழி விழுங்கிவிடும்,
அது யாராய் இருந்தால் என்ன.
அத்தனை கோடிச் சோதனையிலும்
வெறுங்கையோடு ஒரு ச-வும் வரவில்லை.

போன செவ்வாய், போர்ட் லூயிஸ், இன்சூரன்ஸ் கவுன்டர்.
வாயால் சொன்னால் சின்னத்தம்பி ஒன்றுதான்.
அடையாள அட்டையில் இரண்டு 'என்' எழுத்து,
கரண்ட் பில்லில் ஒன்று.
"மெஸ்யே, இவரும் நீங்களும் ஒரே ஆளா?"
ஆமாம் என்றேன். அது போதாதாம்.
இருவரும் ஒருவரே என்று சத்தியப் பத்திரம், முத்திரை,
அரை நாள் லீவு.

லுடோவிக்குக்கு எழுதினேன்:
ச-வை முதலில் உறைய வை. பிறகு இரண்டு தடவை கூப்பிடு.
உடனே பதில்: அப்படியென்றால் திரும்ப நாலா?
இல்லையப்பா. உறைய வைப்பதற்கு
எந்திரத்தில் பெரும்பாலும் ஒரு பைட்கூட ஆகாது.
நாம் கொடுக்கும் வாக்கு அது, அவ்வளவே.

பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை.
வாகுவாவில் கரண்ட் போயிருக்கலாம்.
கோபமாயும் இருக்கலாம்.

ஐந்தே முக்காலுக்குப் பன்னிரண்டாவது வரி வந்தது.
சோதனைப் பட்டியலில் வெறுங்கை ச ஒன்று,
ம முழுக்க ஒன்றாய்.
சிரித்த முகத்தைக் காணோம்.

ஒப்புதல் கொடுத்தேன்.
கொடுத்த பிறகுதான் கண்ணில் பட்டது:
மாற்றத்தில் செல்லாபெர்மால்,
மெயிலில் செல்லபெருமாள்.
கேட்க வாயெடுத்தேன்;
மாடியில் மிச்சமிருந்த போன்களெல்லாம்
ஒரே நேரத்தில் அலறின. மூன்று.
குடையை மேஜையடியில் விட்டுவிட்டு
கடைசி பஸ்ஸுக்கு ஓடினேன்.